நல்ல வீடு கிடைத்தாலும் சிலர் பழைய தெருவை விட்டுப் போகத் தயங்குவது ஏன்?

நான் அப்படியொரு தெருவில் வளர்ந்தவள். அம்மாவுக்கு இரவு ஷிப்ட். அவர் கிளம்பும்போதே நானும் தம்பியும் தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்விடுவோம். அந்த அக்காவின் மாமியார் படுத்த படுக்கையானபோது, பகலில் கூட இருந்து பார்த்தது என் அம்மா. தன் தூக்கத்தை விட்டுவிட்டுத்தான். யாரும் கணக்கு எழுதவில்லை, ஆனால் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

மாதச் சம்பளக்காரர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடலாம். தினக்கூலிக்காரர் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. கூப்பிடு தூரத்தில் அம்மாவோ அக்காவோ எதிர்வீட்டுக்காரரோ இருந்தால்தான் அவர் வேலைக்கே போக முடியும். அவசரத்துக்குக் கைமாத்து கிடைப்பதும் வேலைக்கு ஆள் எடுக்கும் சேதி வருவதும் அங்கிருந்துதான்.

1950களில் லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் என்ற இரு சமூகவியலாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கல்யாணமான மகள்கள் அம்மா வீட்டுக்கு அருகிலேயே குடியிருந்தார்கள். வாடகை வசூலிப்பவரிடம் மகளுக்காகப் பேசி வீடு பிடித்துக் கொடுத்ததுகூடப் பல இடங்களில் அம்மாதான். நகருக்கு வெளியே புதுக் குடியிருப்புக்குப் போனவர்களுக்கு வசதியான வீடு கிடைத்தது, ஆனால் தினமும் எட்டிப் பார்க்க ஆளில்லை. அதிகம் தவித்தது பெண்கள்.

இந்தப் பிணைப்புக்கு விலையும் உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. அமெரிக்காவின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களோடு பழகி ஆராய்ந்த மானிடவியலாளர் கேரல் ஸ்டாக், 1,500 டாலர் வாரிசுப் பணம் கிடைத்த ஒரு தம்பதியைப் பற்றி எழுதியிருக்கிறார். சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கலாம். உறவினரின் வாடகை பாக்கி, நோயில் கிடந்த உறவினரைப் பார்க்கப் போக ரயில் டிக்கெட் என்று சில வாரங்களில் கரைந்துவிட்டது.

என் அம்மாவும் சேமித்ததை இப்படித்தான் தூக்கிக் கொடுத்தார். அப்போது அவரோடு சண்டை போட்டேன். பிறகொரு நாள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வெளியூரிலிருந்து நான் போய்ச் சேர மூன்று நாளானது. அந்த மூன்று இரவும் ஆஸ்பத்திரியில் முறைவைத்துக் கண்விழித்தவர்களில் முதல் ஆள், அந்தப் பக்கத்து வீட்டு அக்கா.