வாசகர் கேள்வி: விவேக் கன்றும் கச்சான் காற்றும்

கேள்வி: நடிகர் விவேக் மரம் நட ஆரம்பித்தது கலாம் ஐயா சொல்லித்தானா? (தங்கச்சிமடம் வாசகி)

ஆமாம். உங்கள் தீவில் பிறந்த அப்துல் கலாம் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு 2010இல் 'கிரீன் கலாம்' இயக்கத்தைத் தொடங்கினார். இலக்கு 1 கோடி. 2021 ஏப்ரல் 17இல், 59 வயதில் அவர் மறைந்தபோது கணக்கு 33 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பத்மஸ்ரீ 2009லேயே வந்துவிட்டது. தான் நட்டதைவிட மாணவர்கள் கையில் கன்றைக் கொடுத்து நட வைத்ததுதான் அதிகம், கெட்டிக்காரத்தனம் அங்கேதான்.

கேள்வி: அவர் நினைவு நாளில் கடலோரப் பள்ளியில் 40 கன்று நட்டோம். ஆடி முடியுமுன் 6தான் மிச்சம். என்ன தப்பு? (சாயல்குடி ஆசிரியர்)

முதல் தப்பு நாள். ஏப்ரல் 17 சித்திரைத் தொடக்கம். வேர் பிடிக்குமுன் அக்கினி வெயில், அது முடிந்ததும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று. நம் மழை ஐப்பசி, கார்த்திகையில். கலாம் பிறந்த அக்டோபர் 15, இல்லாவிட்டால் விவேக் பிறந்த நவம்பர் 19 என்று மாற்றுங்கள். மரியாதைக்கு ஒரு குறையும் வராது.

குழி நீள அகல ஆழம் 2 அடி. பதினைந்து நாள் முன்பே தோண்டி ஆறவிடுங்கள். வெறும் மணலில் தண்ணீர் நிற்காது. கண்மாய் வண்டல், மக்கிய சாணி எரு, தோண்டிய மணல் மூன்றும் சம பங்கு. கரையானுக்கு வேப்பம்புண்ணாக்கு 200 கிராம். பையைக் கிழித்து எடுத்துவிட்டு, அடியில் சுருண்ட வேரை நறுக்கி நடவேண்டும். பையோடு புதைத்த கன்றுகளைப் பிடுங்கிப் பாருங்கள், வேர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தினம் ஒரு சொம்பு ஊற்றுவது இன்னொரு கெடுதல். போர் தண்ணீர் சவரென்றால் மேல்மண் மட்டும் நனைந்து காய்ந்து, உப்பு வேரடியில் தங்கும். இலை நுனி கருகுவது அதனால்தான். வாரம் இரண்டு முறை, கன்றுக்கு 10 லிட்டர். பாத்தியில் தேங்காய் மட்டை பரப்புங்கள். கரையில் கிடக்கும் பாசியை அள்ளிப்போட வேண்டாம், அதுவும் உப்பு. கச்சான் பக்கம் பனையோலைத் தட்டி, ஆடு கடிக்காமலிருக்கக் காட்டுக்கருவை (சீமைக்கருவேலம்) முள். (அந்தக் கருவை உதவுகிற ஒரே இடம் இது!)

கன்றும் மாற்றுங்கள். பூவரசு, புன்னை, புங்கன், வேம்பு போதும். பூவரசுக்குக் கன்றுகூட வேண்டாம், போத்து (கிளைத் துண்டு) வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும்.

கேள்வி: தண்ணீரே இல்லாத இடத்தில்? (தேவிபட்டினம் வாசகர்)

பனை. ஆவணியில் விழும் பழத்தின் கொட்டையை மழைக்கு முன் ஓரடி ஆழத்தில், பத்தடிக்கு ஒன்றாகப் புதையுங்கள். முதலில் கீழேதான் இறங்கும். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. முளைக்கவில்லை என்று தோண்டிவிடாதீர்கள். கிழங்கு ஆசையில் தோண்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.