முன்பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடுமா?

கேள்வி: தரகர் மூலம் ஒரு வீடு பார்த்து, விலை பேசி, முத்திரைத்தாளில் கிரய ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். பதிவு செய்யவில்லை. விலையில் பத்தில் ஒரு பங்கை வங்கி வழியாக முன்பணமாக அனுப்பினேன். கெடு 6 மாதம். மூன்றாவது மாதமே வீட்டுக்கடன் அனுமதியாகிவிட்டது. பத்திரப்பதிவுக்குத் தேதி கேட்டபோதெல்லாம் 'மகன் வரட்டும்' என்று வாட்ஸ்அப்பில் தள்ளிப்போட்டார் உரிமையாளர். கெடு முடிந்து பத்து நாளில், நான் கேட்காமலே முன்பணத்தை என் கணக்கில் திருப்பிப் போட்டு, 'காலம் முடிந்தது, ஒப்பந்தம் ரத்து' என்று செய்தி அனுப்பிவிட்டார். வேறொருவர் கூடுதல் விலை தருகிறாராம். பதிவு செய்யாத ஒப்பந்தம் செல்லாது, பணம் வந்ததே பெரிது என்கிறார் தரகர். எனக்கு அந்த வீடுதான் வேண்டும். வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் உங்கள் கணக்கில் வந்து கிடக்கும் அந்தப் பணம் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திருப்பி வந்த முன்பணத்தை வாங்குபவர் பேசாமல் வைத்துக்கொண்டாலோ, செலவழித்தாலோ, அவர் ரத்தை ஒப்புக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். திரும்பி வந்த தொகையின் வரைவோலைகளை வாங்குபவர் பணமாக்கிக்கொண்ட ஒரு வழக்கில், 2025-ல் உச்ச நீதிமன்றம் அதை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொண்டது. ஆகவே அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொடாதீர்கள். வந்த கணக்குக்கே முழுத் தொகையையும் திருப்பி அனுப்புங்கள். 'ரத்தை ஏற்கவில்லை, கிரயம் செய்துகொள்ளத் தயார்' என்று அதே நாளில் எழுத்திலும் தெரிவியுங்கள். பணம் மறுபடி திரும்பி வந்தால் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். நீதிமன்றத்தில் கட்டத் தயார் என்று வழக்கில் சொல்லலாம்.

அடுத்து, தரகர் சொன்னது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்து 'ஏற்றதை ஆற்றக் கோரும்' வழக்கு, அதாவது பேசியபடி கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கு, போட முடியாது என்பது தவறு. பதிவுச் சட்டம் 1908-இன் 49-வது பிரிவில் இதற்கு விலக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகும் அந்த விலக்கு பொருந்தும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் பதிவு செய்யாததால் நஷ்டமே இல்லையா? இருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறாது. புதிதாக வாங்குபவர் அந்தச் சான்றைக் காட்டி, 'எனக்கு எதுவும் தெரியாது, நல்ல எண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கினேன்' என்று சொல்ல முடியும். அது நிரூபணமானால் குறித்தவகைப் பரிகாரச் சட்டம் 1963-இன் 19-வது பிரிவு அவரைக் காப்பாற்றும். நான் அவசரப்படுத்துவது இதனால்தான். அந்த நபர் யாரென்று தெரிந்தால், உரிமையாளருக்கு அனுப்பும் வழக்கறிஞர் அறிவிப்பின் நகலை அவருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தெரியாவிட்டால் நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுங்கள். வழக்குப் போட்ட பிறகு நடக்கும் விற்பனை, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன் 52-வது பிரிவின்படி உங்கள் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்படும். வழக்கோடு இடைக்காலத் தடையும் கேளுங்கள்.

'கெடு முடிந்துவிட்டது' என்ற வாதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அசையாச் சொத்து விற்பனையில் காலமே ஒப்பந்தத்தின் உயிர் என்று பொதுவாக அனுமானிப்பதில்லை. அதைவிட, தேதியைத் தள்ளிப்போட்டவரே அவர்தான். வழக்கின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது: நீங்கள் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தில் 2018 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, இந்தப் பரிகாரத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம் என்ற நிலை மாறிவிட்டது. ஆனால் 16-வது பிரிவின் இந்த நிபந்தனை அப்படியே நிற்கிறது, நல்ல வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இதில்தான். முழுப் பணமும் கையில் ரொக்கமாக இருக்க வேண்டியதில்லை. கடன் அனுமதிக் கடிதம், மீதித் தொகைக்கான வங்கிக் கணக்கு அறிக்கை, தேதி கேட்டு நீங்கள் அனுப்பிய செய்திகள் எல்லாம் சான்றுதான். கடன் அனுமதி காலாவதியாகும் நிலையில் இருந்தால் உடனே நீட்டித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பிலேயே ஒரு தேதி குறித்து, அன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்து, போனதற்கும் ஒரு சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த போனையே பத்திரமாக வைத்திருங்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதிநியமம் 2023-இன் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்.

கெடு முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம் என்றாலும் அவ்வளவு காலம் உங்களுக்கு இல்லை. வழக்கில் 'ரத்து செல்லாது' என்று அறிவிக்கக் கோருவதையும் மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள். அது விடுபட்டதாலேயே தள்ளுபடியான வழக்குகள் உண்டு. ஒருவேளை வீடு கிடைக்காமல் போனால் முன்பணமாவது வட்டியோடு வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையும் வேண்டும். அதைக் கேட்காவிட்டால் நீதிமன்றம் தானாகக் கொடுக்காது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றக் கட்டணம் வீட்டின் முழு விலையை வைத்துக் கணக்கிடப்படும். வழக்கு பல ஆண்டுகள் இழுக்கலாம். அதுவரை நீங்கள் வாடகையும் கொடுத்துக்கொண்டு, கடன் தகுதியையும் காப்பாற்ற வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசி முடிவெடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால், திரும்பி வந்த தொகையோடு வட்டி, கடன் பரிசீலனைச் செலவு, முத்திரைத்தாள் செலவு ஆகியவற்றைக் கேட்டு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால், இந்த வாரமே பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, உங்கள் பகுதி உரிமையியல் வழக்கறிஞரிடம் மூல ஒப்பந்தத்தோடு போங்கள்.