ரூட் கேனால் பண்ண பல்லு ஏன் மறுபடி வலிக்குது? பெங்களூர்ல நானோபாட் வெச்சு சரி பண்றாங்களாமே?

அல்சூர்ல ரூட் கேனால் பண்ணி கேப்பும் போட்ட பல்லு மறுபடி வலிக்குதுன்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் உள்ள கிருமி மிச்சம் இருக்கறதுதாங்க காரணம். டென்டின்ல, அதாவது எனாமலுக்கு அடியில இருக்கற பல்லோட உள் அடுக்குல, ஆயிரக்கணக்குல பொடிக் குழாய்ங்க இருக்கு, தலைமுடியை விட ரொம்ப மெல்லிசு, என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ்னு ஒரு பாக்டீரியா அதுக்குள்ள போய் பதுங்கிக்கும், டாக்டர் ஹைப்போகுளோரைட்ங்கற கிருமிநாசினி விட்டு எவ்ளோ கழுவினாலும் மருந்து அவ்ளோ ஆழம் போறதில்ல.

இங்கதான் நம்ம பெங்களூர் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) பண்ணது முக்கியம். அவங்களும் தெரனாட்டிலஸ் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து சிலிக்கால திருகு மாதிரி செஞ்சு இரும்பு பூசின நானோபாட்டை, அதாவது கண்ணுக்கே தெரியாத பொடி ரோபோவை, பிடுங்கின பல்லுக்குள்ள விட்டு காந்தப்புலத்தால ஓட்டினாங்க, 2022ல ரிசல்ட் வந்துச்சு. 2000 மைக்ரோமீட்டர், அதாவது 2 மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கு! அங்கயே சூடாக்கி கிருமியைக் கொன்னுட்டு காந்தத்தாலயே வெளிய இழுத்துடலாம். எனக்கு இது ரொம்பப் பெருமையான விஷயம்.

ஆனா இது பிடுங்கின பல்லுல பண்ண சோதனைதான், அதுக்காக வலியோட காத்திருக்காதீங்க. எக்ஸ்ரே எடுத்து எண்டோடான்டிஸ்ட் (ரூட் கேனால் ஸ்பெஷலிஸ்ட்) கிட்ட ரீ-ரூட் கேனால் பண்ணலாமான்னு கேளுங்க, காசு இடிச்சா கோட்டை பக்கம் கவர்மென்ட் டென்டல் காலேஜ் இருக்கு. ரப்பர் டேம் (அந்தப் பல்லை மட்டும் வெளிய விட்டு மத்ததை மூடற ரப்பர் ஷீட்) போடுவீங்களான்னு முதல்லயே கேட்டுடுங்க, எச்சில் உள்ள இறங்கினா திரும்ப கிருமிதான்.