மின்னுவுக்காக எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் அம்மாவுடன் இருக்கிறேன். எங்கள் பூனை மின்னுவுக்கு 12 வயது. நாலு நாளாகச் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறாள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 3.6, நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை என்கிறார் டாக்டர். ஐந்து நாள் அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்ற 18,000 ரூபாய். அப்புறம் மாதாமாதம் 11,000: சிறுநீரக உணவு 3,500, மருந்து 1,000, வாரம் மூன்று முறை கிளினிக்கில் தோலுக்கடியில் சலைன் ஏற்ற 6,500. கைக்கு வரும் சம்பளம் 42,000. வாடகை, வீட்டுச் செலவு, அம்மாவின் மருந்து, ஆர்டி 5,000 போக 9,000 மிஞ்சும். 1.8 லட்சம் எஃப்டி இருக்கிறது. அதை உடைக்கவா, நகையை வைக்கவா, கார்டில் போடவா? சொந்தக்காரர்கள் “பூனைக்குப் போய் இவ்வளவா” என்கிறார்கள்.

பதில்: பன்னிரண்டு வருஷம் கூடவே வளர்ந்த உயிர். சொந்தக்காரர்களுக்கு நீங்கள் கணக்கு சொல்ல வேண்டியதில்லை. வங்கிக் கணக்குக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

முதலில் அந்த 18,000. இதைச் செலவழியுங்கள் என்றுதான் சொல்வேன். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது கிரியாட்டினின் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். சிறுநீர்த் தொற்றோ அடைப்போ சேர்ந்திருந்தாலும் அப்படித்தான். நீரேற்றி, உடம்பு நிலைப்பட்டபின் திரும்பப் பரிசோதித்தால்தான் உண்மையில் எந்த நிலை என்று தெரியும். அதுவரை மாதச் செலவு எதையும் முடிவு செய்யாதீர்கள். ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மாத்திரை உண்டு.

எஃப்டியை உடைக்க வேண்டாம். அதன் பேரில் அதே வங்கியில் கடன் வாங்குங்கள். வட்டி, எஃப்டி வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடும். 9 சதவீதம் என்றே வைத்து, மாதம் 2,500 கட்டினால் எட்டாவது மாதம் முடிந்துவிடும். மொத்த வட்டி 600 ரூபாயைத் தாண்டாது. கார்டில் பாக்கி வைத்தால் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் போகும். நகையைத் தொடவே தேவையில்லை.

இனி மாதச் செலவு. இந்த நோய் குணமாவதில்லை, கட்டுக்குள் வைப்பதுதான். எனவே இது வருஷக்கணக்கில் வரக்கூடிய செலவு. சம்பளத்துக்குள் அடங்க வேண்டும், கடனில் ஓடக்கூடாது. 9,000-இல் 11,000 அடங்காது. ஆனால் 6,500 எங்கே போகிறது பாருங்கள்: பெரும்பாலும் கிளினிக் கட்டணம். தோலுக்கடியில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் என்ற திரவம் 500 மி.லி. பாட்டில் மருந்துக்கடையில் நூறு ரூபாய்க்கு முன்னே பின்னேதான். டாக்டரிடம் கேட்டால் வீட்டிலேயே போடக் கற்றுத் தருவார். முதல் இரண்டு முறை கை நடுங்கும். மூன்றாவது வாரம் அம்மா பிடித்துக்கொள்ள நீங்களே போட்டுவிடுவீர்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைக்கலாம் என்பதையெல்லாம் அவரே சொல்லட்டும். வாரம் ஒரு பாட்டில், ஊசி, டியூப் சேர்த்து ஆயிரத்துக்குள் முடியும். உணவு 3,500, மருந்து 1,000, அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகளுக்கு மாதம் 1,000. ஆக 6,500. மிச்சம் 2,500 கடனுக்கு. ஆர்டி அப்படியே ஓடட்டும்.

குறைக்கக்கூடாதது உணவு. பாஸ்பரஸ் குறைந்த அந்த உணவுதான் இந்த நோயில் ஆயுளை நீட்டுவதாக நன்றாக நிரூபணமானது. ஆனால் எடுத்த எடுப்பில் பெரிய பை வாங்காதீர்கள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டால் அத்தனையும் வீண். சின்ன பாக்கெட் வாங்கி, அவள் பசி திரும்பியபின் பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். கருவாடு, நெத்திலி, பால் இனி வேண்டாம். பட்டினி மட்டும் போடாதீர்கள், பூனைக்கு அது கல்லீரலைக் கெடுக்கும்.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். கட்டணம் தனியார் கிளினிக்கைவிட வெகு குறைவு. காலையிலேயே போய்விடுங்கள், நாய்கள் நிறைய வரும், கூடையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, எழுதும்போதே மனசு கனக்கிறது. எதுவரை என்பதை அவள் கொஞ்சம் தேறி வந்த நாளில் அம்மாவோடு பேசி எழுதி வையுங்கள். தானாகச் சாப்பிடுவது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, நீங்கள் வரும்போது கதவருகே வருவது. இந்த மூன்றும் நின்று, மருந்துக்கும் திரும்பவில்லை என்றால், எஃப்டியில் பணம் இருக்கிறதே என்று இன்னொரு அட்மிஷனுக்குப் போகாதீர்கள். வலியில்லாமல் உறங்கவைப்பது பற்றி டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.