தலைப்பில் 'தாக்கம்' எதற்கு? ஊடகவியல் முதுகலை ஆய்வேடு

கேள்வி: இயற்பியல் பட்டம் பெற்றபின் ஊடகம், தொடர்பியல் முதுகலையில் சேர்ந்திருக்கிறேன். ஆய்வேட்டுக்கு 'காலநிலை மாற்றம் குறித்த நாளிதழ்ச் செய்திகளின் தாக்கம்' என்று தலைப்புக் கொடுத்தேன். ஓராண்டுச் செய்திகளை வகைப்படுத்திப் பார்ப்பதாகத் திட்டம். நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறு?

பதில்: 'தாக்கம்' என்ற சொல்லில்தான். நீங்கள் செய்யவிருப்பது உள்ளடக்கப் பகுப்பாய்வு. செய்தியில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லும். படித்தவர் மனத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஊடக ஆய்வாளர்கள் மெக்கோம்ஸும் ஷாவும் செய்த ஆய்வைப் பாருங்கள். ஊடக உள்ளடக்கத்தை எண்ணியதோடு நிற்காமல், யாருக்கு வாக்களிப்பதென்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களையும் பேட்டி கண்டார்கள். அப்போதும் கிடைத்தது ஊடக உள்ளடக்கத்துக்கும் வாக்காளர் பதில்களுக்கும் உள்ள தொடர்புதான். எது காரணம் என்பதை அதை மட்டும் வைத்து நிறுவ முடியாது.

எனவே கேள்வியைச் சுருக்குங்கள். 'இச்செய்திகளில் யாருடைய கூற்று மேற்கோளாகிறது: விஞ்ஞானியா, அரசா, பாதிக்கப்பட்டவரா?' இது எண்ணக்கூடிய கேள்வி.

அடுத்தது மாதிரித் தேர்வு, அதாவது எந்த இதழ்களைப் பார்ப்பது என்பது. ஓராண்டு இதழ்கள் முழுவதும் தேவையில்லை. 52 திங்கட்கிழமைகளிலிருந்து குலுக்கலில் இரண்டு, செவ்வாயிலிருந்து இரண்டு என்று எடுத்தால் 14 இதழ்கள், அதாவது இரண்டு 'கட்டமைத்த வாரங்கள்'. நாளிதழின் பொதுவான செய்திப் போக்குக்கு இது போதுமென்று ஏற்கிறார்கள். ஆனால் உங்கள் பொருளில் செய்தி அரிதாகத்தான் வரும். 14 இதழ்களில் பத்துச் செய்திகூடத் தேறாமல் போகலாம். அப்படியானால் மின்காப்பகத்தில் தேடி, ஓராண்டின் தொடர்புடைய செய்திகளை எல்லாம் பட்டியலிட்டு, அதிலிருந்து குலுக்கலில் 150 எடுங்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 25 மணி நேர வேலை. ஏழு நாளுக்கு ஓர் இதழ் என்று மட்டும் எடுத்துவிடாதீர்கள், எல்லாமே ஒரே கிழமையாக வந்துசேரும்.

வகைகளை வரையறுப்பதில்தான் பெரும்பாலான ஆய்வேடுகள் சறுக்குகின்றன. அரசு ஆய்வகத்தில் பணிபுரியும் விஞ்ஞானி எந்த வகை? இதற்கு எழுத்தில் விதி வேண்டும், எடுத்துக்காட்டோடு. முதன்மை மாதிரியில் சேராத 20 செய்திகளில் விதிகளைச் சோதியுங்கள். 'மற்றவை' வீங்கினால் வகைப்பாடு சரியில்லை என்று பொருள்.

பிறகு, சக மாணவர் ஒருவர் குறைந்தது 50 செய்திகளையாவது தனியாக வகைப்படுத்தட்டும். '90% ஒத்துப்போகிறோம்' என்று எழுதி மகிழ வேண்டாம். ஆம், இல்லை என இரண்டே வகை இருந்து, இருவரும் 90% செய்திகளுக்கு 'ஆம்' போட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 82% ஒத்துப்போகும் (இருவரும் 'ஆம்' 0.81 + இருவரும் 'இல்லை' 0.01). தற்செயலான அந்த ஒத்திசைவைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் கப்பா என்ற அளவு, நீங்கள் 90% ஒத்துப்போனாலும் அங்கே 0.44தான். இதே போலத் தற்செயலைக் கழிக்கும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவைக் கணக்கிடுங்கள், ஒவ்வொரு மாறிக்கும் (நீங்கள் வகைப்படுத்தும் ஒவ்வொரு கூறுக்கும்) தனித்தனியாக. 0.80 இருந்தால் நிம்மதி, 0.667க்குக் கீழே போனால் அந்த மாறியை வைத்து முடிவு எழுதக் கூடாது.

எண் குறைவாக வந்தால் இருவரும் உட்கார்ந்து பேசி விடைகளைத் திருத்தி, அதையே ஒத்திசைவாகக் காட்டுவது வழக்கமான தவறு. வாய்மொழித் தேர்வில் முதலில் மாட்டுவதும் இதுதான். விதியைத் திருத்துங்கள். புதிய 50 செய்திகளில் இருவரும் தனித்தனியே சோதியுங்கள். தேறினால், பழைய விதிப்படி முடித்த செய்திகளையும் மறுபடி வகைப்படுத்துங்கள்.