ஏற்காடு மலைப்பாதையில் ட்ராக்ஷன் கண்ட்ரோலை ஆஃப் செய்ய வேண்டுமா? எப்போதுதான் ஆஃப் செய்வது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: புதுக் கார், முன்சக்கர இழுவை, ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஏற்காடு போகிறீர்கள். தங்குகிற இடம் ஒரு காபித் தோட்டத்துக்குள், கடைசி அரை கிலோமீட்டர் மண் பாதை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறாமல் ஏற வேண்டுமானால் அடிவாரத்திலேயே ட்ராக்ஷன் கண்ட்ரோலை (சக்கரம் பிடியில்லாமல் வழுக்கிச் சுற்றுவதைத் தடுக்கிற அமைப்பு) ஆஃப் செய்துவிடு, பிக்கப் நன்றாக இருக்கும் என்று நண்பர் சொல்லியிருக்கிறார்.

தயவுசெய்து செய்யாதீர்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருக்கிற 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில்கூட அந்தப் பட்டனைத் தொட வேண்டிய வேலை கிடையாது. ஆஃப் செய்ய வேண்டிய நேரம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது வண்டி சேற்றிலோ மணலிலோ புதைந்து நின்றுபோன நேரம். ஓடுகிற வண்டியில், அதுவும் மலையில், வேண்டவே வேண்டாம்.

நான் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். மாமனாருக்கு நாகலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் காபி, நடுவில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். பத்து வருடமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது மலை ஏறி இறங்குகிறேன், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். என் காரும் முன்சக்கர இழுவைதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் உங்கள் நண்பர் சொன்னது ஏன் தப்பு என்பது உங்களுக்கே விளங்கிவிடும். ஏபிஎஸ்ஸுக்காக, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்புக்காக, நான்கு சக்கரத்திலும் வேகத்தை அளக்கிற சென்சார் இருக்கிறது. ட்ராக்ஷன் கண்ட்ரோலும் அதே சென்சார்களைத்தான் பார்க்கிறது. இழுக்கிற சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்ற ஆரம்பித்தால், அது பிடியை விட்டு வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு இரண்டு காரியம் செய்யும். நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் சக்தியைக் குறைக்கும், அதோடு வழுக்குகிற அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். இந்த இரண்டாவது வேலைதான் மலையில் உங்களுக்கு ரொம்ப முக்கியம். ஏனென்றால் இன்ஜின் விசையை இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கர அமைப்பான சாதாரண டிஃபரன்ஷியல் இடது வலது இரண்டு சக்கரத்துக்கும் சமமான இழுவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் தடையே இல்லாமல் வெறுமனே சுற்றினால் அதற்குப் போகிற சொற்ப விசைதான் மற்றதற்கும். வெறுமனே சுற்றுவதைப் பிரேக் போட்டு இறுக்கும்போது தடை உண்டாகிறது, அந்த அளவுக்கு நல்ல பிடியில் இருக்கிற சக்கரத்துக்கும் விசை கூடுகிறது, வண்டி நகர்கிறது.

இப்போது கொண்டை ஊசி வளைவை நினைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்கிறது, திருப்பத்தில் வெளிப்பக்கம் சாய்கிறது. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பெட்டிகள் என்றால் முன்பக்கம் இன்னும் லேசாகும். எல்லாம் சேர்ந்து முன் உள்சக்கரத்தின் மேல் இருக்கிற பாரம் குறைந்துபோகிறது. வளைவின் உள்பக்கம்தான் ஏற்றமும் செங்குத்து. அங்கே ஈர இலையோ, மேலேயிருந்து மழை அடித்துக்கொண்டு வந்த மண்ணோ, ஏதாவது வண்டி சிந்திவிட்டுப் போன டீசலோ இருந்தால் அந்தச் சக்கரம் விர்ரென்று சுற்றத்தான் செய்யும். அந்த நேரத்தில் காப்பாற்றுகிற சாதனத்தை அடிவாரத்திலேயே ஆஃப் செய்துவிட்டுப் போவது எந்தக் கணக்கில் சேரும்?

அப்படியானால் வளைவில் வண்டி திணறுவது ஏன்? பெரும்பாலும் கியர்தான் காரணம். சின்ன டர்போ இன்ஜின் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே போனால் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற கருவி) தூங்கிவிடும். வளைவுக்குள் இரண்டாவது கியரிலேயே திரும்பி, வேகம் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கி, அப்புறம் மிதித்தால் ஒரு நொடி எதுவுமே நடக்காது. அந்த ஒரு நொடியைத்தான் பலரும் ட்ராக்ஷன் கண்ட்ரோல் பிடித்து இழுப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு இறங்குங்கள், பிரச்சினை முடிந்தது. டர்போ இல்லாத இன்ஜினுக்கு இன்னொரு குறையும் உண்டு: ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது, அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 14 சதவீதம் போலக் குறைவு, இன்ஜின் சக்தியும் அந்த அளவுக்கு இறங்கும். பட்டனை அழுத்தி அந்தக் காற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உண்மையிலேயே ட்ராக்ஷன் கண்ட்ரோல் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மீட்டரைப் பாருங்கள். காருக்குக் கீழே வளைந்த கோடுகள் போட்ட மஞ்சள் விளக்கு மின்னினால்தான் அது தலையிடுகிறது. மின்னவில்லை என்றால் அதன்மேல் பழி போடாதீர்கள்.

சரி, ஆஃப் செய்ய வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை. டிக்கியில் இரண்டு மூட்டை உரத்தோடு தோட்டத்துக்கு இறங்குகிற செம்மண் தடத்தில் போய், திரும்பி ஏறும்போது பாதியில் நின்றுவிட்டேன் (மூட்டையை இறக்கவில்லை, குடோன் சாவி மாமனாரிடம் இருந்தது). ட்ராக்டர் போய்ப் போய் விழுந்த பள்ளத்துக்குள் இரண்டு முன்சக்கரமும் உட்கார்ந்துவிட்டன. ஆக்சிலரேட்டரை அடிவரைக்கும் மிதிக்கிறேன், இன்ஜின் ஒரு உறுமல் உறுமிவிட்டு அப்படியே அடங்குகிறது. ஆர்பிஎம் முள் 1,200-ஐ விட்டு மேலே போகவில்லை, மஞ்சள் விளக்கு விடாமல் மின்னுகிறது. கட்டுப்பாடு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது: இரண்டு சக்கரமும் வழுக்குகிறது, சக்தியைக் குறை. ஆனால் புதைந்த வண்டிக்கு அந்தச் சக்கரங்கள் கொஞ்சம் சுற்றியாக வேண்டும். சுற்றினால்தான் டயர் காடியில் அப்பியிருக்கிற சேறு தெறித்து வெளியே போகும், வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி ஒரு உந்து கிடைக்கும்.

பக்கத்துத் தோட்டத்து ட்ராக்டர் ஓட்டுகிற பெரியவர் சத்தம் கேட்டு வந்தார். “மிதிக்க மிதிக்கக் குழிதான் பறிக்கும் தம்பி, மொதல்ல வண்டிய நிறுத்துங்க” என்றார். ஸ்டீயரிங்கை நேராக்கச் சொன்னார். மண்வெட்டியால் இரண்டு முன்சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் ஒரு முழம் சேற்றை வழித்துவிட்டு, மடித்த சாக்கை டயரை ஒட்டிச் செருகினார். அப்புறம்தான் நான் பட்டனை அழுத்தினேன். முதல் கியரில் மெதுவாக ஒரு அடி முன்னால், நின்றதும் ரிவர்ஸில் ஒரு அடி பின்னால், மறுபடி முன்னால். நாலாவது ஆட்டத்தில் டயர் சாக்கைக் கவ்வியது, வண்டி ஏறி வந்துவிட்டது. அந்தச் சாக்கு பின்னால் பத்தடி தள்ளிப் போய் விழுந்து கிடந்தது. அதனால் சொல்கிறேன், இந்த வேலை செய்யும்போது குழந்தைகள் உட்பட யாரும் வண்டிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது. கல்லை வைத்திருந்தால் கல்லும் அப்படித்தான் பறந்திருக்கும்.

ஆஃப் செய்துவிட்டோமே என்று முழுசாக மிதிக்கவும் கூடாது. ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுற்றும்போது ஸ்பீடோமீட்டர் காட்டுகிற வேகத்தைப் போல இரண்டு மடங்கில் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். மீட்டரில் 50 என்றால் டயர் 100-ல் ஓடுகிறது, அதுவும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு. டயர் சூடேறி வெடிக்கும், டிஃபரன்ஷியல் கெடும். மணிக்கு 56 கிலோமீட்டருக்கு, அதாவது 35 மைலுக்கு மேல் சக்கரத்தைச் சுழற்றாதீர்கள் என்று பல கார்களின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. என்னைக் கேட்டால் இருபதே அதிகம்.

அன்றைக்குப் பெரிய ஆபத்து சேற்றில் வரவில்லை, அதற்கு அப்புறம்தான் வந்தது. வெளியே வந்த சந்தோஷத்தில் பட்டனைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். தார் ரோடு ஏறி ஏற்காடு ஏரிப் பக்கம் போகிற வழியில் இடதுபக்கமாக ஒரு ஏற்றத் திருப்பம், தூறல், டயரில் இன்னும் செம்மண். வழக்கம்போல மிதித்தேன். உள்சக்கரம் சுற்றியது, ஸ்டீயரிங் கையில் எடையே இல்லாமல் போனது, திருப்பினதற்குத் திரும்பாமல் வண்டி நேராகப் பாதையின் நடுக்கோட்டைத் தாண்டிப் போனது. எதிரே எதுவும் வரவில்லை. காலை எடுத்ததும் பிடி திரும்ப வந்தது. ஓரமாக நிறுத்தின பிறகுதான் மீட்டரில் ஆஃப் என்று எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தேன். பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து சேற்றிலிருந்து வெளியே வந்தால் முதல் காரியம் இன்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்வது. ஸ்டார்ட் செய்ததும் பெரும்பாலான கார்களில் கட்டுப்பாடு தானாகவே ஆன் ஆகிவிடும், ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. ஒருவேளை விளக்கு அப்போதும் அணையவில்லை என்றால் சக்கர சென்சாரில் சேறு அப்பியிருக்கலாம், நன்றாகக் கழுவிப் பாருங்கள், அதற்கும் போகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பட்டனை எப்படி அழுத்துவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ட்ராக்ஷன் கண்ட்ரோல் வேறு, இஎஸ்சி வேறு. முதலாவது ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பார்க்கிறது. இரண்டாவது, வண்டி நீங்கள் ஸ்டீயரிங் காட்டிய பக்கம் போகாமல் அலைபாய்ந்தால் தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு நேராக்குகிறது. 1995-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் முதலில் வந்தது அது. பல கார்களில் இரண்டுக்கும் ஒரே பட்டன். ஹூண்டாய், கியா, டொயோட்டாவின் பல மாடல்களில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் ட்ராக்ஷன் மட்டும் போகும், மூன்று விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் இஎஸ்சியும் சேர்ந்து போய்விடும். சேற்றிலிருந்து வெளியே வர ஒரு தட்டே பெரும்பாலும் போதும். சில கார்களில் பட்டனே கிடையாது, திரையில் செட்டிங்குக்குள் தேட வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு வாசலில் வைத்தே கையேட்டைப் பார்த்து உங்கள் காரில் எங்கே இருக்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள், மழையில் நனைந்துகொண்டு தேட வேண்டாம்.

மணலுக்கும் இதே முறைதான். பூலாம்பட்டியில் காவிரிக் கரையில் வண்டியை இறக்கிப் புதைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அங்கே ஆஃப் செய்வதோடு டயர் காற்றை 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பாதி வேலை முடிந்துவிடும், ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும். மணாலி, காஷ்மீர் பக்கம் ஆழமான பனியில் மாட்டிக்கொண்டாலும் அப்படியே.

மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் அந்தரத்தில் தொங்குகிற இடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே கட்டுப்பாடு ஆனில்தான் இருக்க வேண்டும், அந்தச் சக்கரத்தைப் பிரேக் போட்டு நிறுத்தி மற்றதுக்கு விசை தர அதைவிட்டால் வேறு வழி இல்லை. சீராக மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுங்கள். பிரேக் கடகடவென்று சத்தம் போடும், அதைக் கேட்டுப் பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

உங்களுக்கு என் யோசனை, தங்குகிற இடத்துக்குக் காலையிலேயே போன் செய்து முந்தின இரவு மழை பெய்ததா, அந்த அரை கிலோமீட்டரில் சாதாரணக் கார் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். பெய்திருந்தால் காரைத் தார் ரோட்டு ஓரத்திலேயே நிறுத்திவிட்டு ஜீப் அனுப்பச் சொல்லுங்கள், அங்கே தோட்டங்களில் அநேகமாக ஜீப் இருக்கும். இல்லை, கார்தான் என்றால் டிக்கியில் நாலு சாக்கும் ஒரு சின்ன மண்வெட்டியும் போட்டுக்கொள்ளுங்கள்.