16 ஜிபி செயற்கைக்கோள் படத்தைக் கைபேசியில் காட்டுவது எப்படி?

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழுவிடம் ஓர் ஆற்றுப்படுகையின் செயற்கைக்கோள் படம் இருக்கிறது. 50 செ.மீ. தெளிவுத்திறன், 500 சதுர கிலோமீட்டர், ஒரே ஜியோடிஃப் கோப்பு (இருப்பிட விவரமும் சேர்ந்த பட வடிவம்), 16 ஜிபி. கரையோர மக்கள் கைபேசியிலேயே பார்க்கும்படி இணையத்தில் வைக்க விரும்புகிறோம். ஜிப் செய்தால் பெரிதாகக் குறையவில்லை. ஜேபெக் ஆக்கினால் வரைபடத்தில் சரியான இடத்தில் உட்காரவில்லை. என்ன செய்யலாம்? இப்படிப்பட்ட படங்கள் இலவசமாகவும் கிடைக்குமா?

பதில்: முதலில் படத்தோடு வந்த உரிம ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும், பெரும்பாலும் உங்களுக்குக் கிடைத்திருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். சில உரிமங்கள் படத்தைக் காட்ட அனுமதிக்கும், ஆனால் தரவைப் பகிர அனுமதிக்காது. தெளிவாக இல்லையென்றால் கொடுத்தவர்களிடம் எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்லும் வழியில் கோப்பின் முகவரி தெரிந்த எவரும் அதை முழுசாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால் இதை வற்புறுத்துகிறேன்.

சரி, 16 ஜிபி எங்கிருந்து வந்தது? 50 செ.மீ. என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 2,000 பிக்சல். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 லட்சம். சிவப்பு, பச்சை, நீலம், அகச்சிவப்பு என 4 பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் 16 பிட், அதாவது 2 பைட். ஆக, பிக்சலுக்கு 8 பைட், சதுர கிலோமீட்டருக்கு 32 எம்பி. 500-ஆல் பெருக்கினால் கணக்கு சரியாக வருகிறது. உங்கள் கோப்பில் இதுவரை எந்தச் சுருக்கமும் இல்லை.

ஆனால் கண்ணால் பார்க்க 3 பட்டைகளும் 8 பிட்டும் போதும். அந்த மாற்றத்திலேயே 6 ஜிபி ஆகிவிடும். அதனால் இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பிரதியை டிஃப்ளேட் அல்லது இசட்-ஸ்டாண்டர்டு முறையில், பிரெடிக்டர் 2 என்ற அமைப்பைப் போட்டு, இழப்பில்லாமல் சுருக்கிப் பத்திரப்படுத்துங்கள். பிரெடிக்டர் பக்கத்துப் பிக்சலோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுவதால், சும்மா ஜிப் செய்வதைவிட நன்றாகவே குறையும். பயிர்ப் பரப்பு, நீர்ப் பரப்பு என்று எந்தக் கணக்குப் போட்டாலும் இந்தப் பிரதியில்தான் போட வேண்டும். ஒருமுறை நான் ஜேபெக் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டேன். பிறகு செடிகொடிகளின் பசுமையைக் காட்டும் தாவரக் குறியீடு கணக்கிட வேண்டி வந்தபோது அகச்சிவப்புப் பட்டையே கையில் இல்லை. அந்தப் படத்தை மறுபடி பெற முடியவில்லை.

காட்சிப் பிரதிக்கு ஜேபெக் சுருக்கமே பொருத்தம். உங்கள் ஜேபெக் படம் இடம் மாறி உட்கார்ந்ததற்குக் காரணம் சுருக்கம் அல்ல. சாதாரண ஜேபெக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது புவி ஆயத்தொலைவுகள் கழன்றுவிடுகின்றன. அதே ஜேபெக் சுருக்கத்தை ஜியோடிஃப்புக்கு உள்ளேயே பயன்படுத்தினால் அவை அப்படியே இருக்கும். தரம் 80 அல்லது 85 வையுங்கள். நிலப்பரப்பைப் பொறுத்து மாறும் என்றாலும், 6 ஜிபி கோப்பு பெரும்பாலும் 1 ஜிபிக்குள் வந்துவிடும்.

8 பிட்டுக்கு மாற்றும்போது பிக்சல் மதிப்புகளை 0 முதல் 255 வரை விரிக்க வேண்டும்; அதற்குப் படத்தின் மிகக் குறைந்த மதிப்பையும் மிக உயர்ந்த மதிப்பையும் எல்லையாக வைக்காதீர்கள். ஒரு வெண்மேகம் இருந்தாலே தரை முழுவதும் இருண்டுபோகும். கீழே 2 சதவீதத்தையும் மேலே 2 சதவீதத்தையும் வெட்டிவிட்டு விரியுங்கள். படம் பல துண்டுகளாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எல்லை மதிப்புகள் வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட துணி போலத் தெரியும். அப்புறம் ஓரத்துக் கருப்பு. ஜேபெக் சுருக்கத்தில் தரவு இல்லாத 0 மதிப்பு 1, 2 என்று கலங்கி, ஓரம் அழுக்காகத் தெரியும். அந்தப் பகுதியை ஆல்ஃபா பட்டையாக (எந்தப் பிக்சல் தெரிய வேண்டும் என்று குறிக்கும் பட்டை) சேர்த்துக் கொடுத்தால், படக் கோப்புகளை மாற்றும் ஜிடால் என்ற மென்பொருள் அதைத் தனி மாஸ்க்காக, அதாவது மறைப்பாக, வைத்துக்கொள்ளும்.

ஆனால் 1 ஜிபியைக்கூட யாரும் கைபேசியில் இறக்கிப் பார்க்கப்போவதில்லை. அளவைக் குறைப்பதைவிட, பார்ப்பவருக்கு வேண்டிய துண்டு மட்டும் போகும்படி கோப்பை அடுக்குவதுதான் முக்கியம். அதற்குத்தான் கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப், சுருக்கமாக சிஓஜி. படம் உள்ளுக்குள் 512 பிக்சல் கட்டங்களாகப் பிரிந்திருக்கும்; கூடவே பாதி, கால், அரைக்கால் என்று சிறிதாக்கிய பிரதிகளும் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கோப்பின் தொடக்கத்திலேயே இருப்பதால், உலாவி அதைப் படித்துவிட்டுத் தேவையான பைட்டுகளை மட்டும் கேட்டு வாங்கும். சிறு பிரதிகளால் கோப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதற்கு அஞ்ச வேண்டாம். ஜிடால் 3.1 முதல் இந்த வடிவத்தில் நேரடியாக எழுதலாம்.

வைக்கப்போகும் சர்வர் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் அனுப்பத் தெரிந்ததாக இருக்க வேண்டும்; வேறு தளத்திலிருந்து வரும் உலாவிக் கோரிக்கைகளையும் அனுமதிக்க வேண்டும். சிஓஜி திறக்கவில்லை என்று வரும் புகார்களில் பல இந்த இரண்டில்தான் முடிகின்றன.

இலவசப் படங்களில் உங்களுக்கு முதலில் உதவப்போவது ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். 10 மீட்டர் தெளிவுதான், வீடு தெரியாது. ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப் படம் வருவதால் ஆறு நகர்வதைக் காட்ட இதைவிட நல்லது இல்லை. அவற்றை ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் தளத்தில் பதிவுசெய்து இறக்கலாம், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தாராளமாக வெளியிடலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் 30 மீட்டர்தான், தொடக்க காலப் படங்கள் அதைவிடவும் மங்கல் என்றாலும் 1972 வரை பின்னோக்கிப் பார்க்கலாம்; 2008 முதல் முழுக்க இலவசம். 50 செ.மீ. அளவில் இலவசம் அபூர்வம். பெரும் பேரிடர்களின்போது மேக்ஸார் நிறுவனம் (2025-இல் வான்டர் எனப் பெயர் மாறியது) தன் ஓபன் டேட்டா திட்டத்தில் வணிகமற்ற பயன்பாட்டுக்குப் படங்களைத் திறந்துவிட்டிருக்கிறது. ஓபன்ஏரியல்மேப் என்ற திறந்த தளத்தில் ட்ரோன் படங்கள் கிடைக்கும். கூகுள் எர்த் திரையைப் படம்பிடித்துத் தரவாகப் பகிர்வது மட்டும் வேண்டாம். அதற்கு உரிமமும் இல்லை, ஆயத்தொலைவும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அந்த இணைய முகவரியையே கொடுத்துத் திறந்து, ஆற்றங்கரையை முழு அளவில் பாருங்கள். கூரை விளிம்புகளில் 8 பிக்சல் சதுரங்கள் தெரிந்தால் தரத்தை 90 ஆக்கி, மூலப் பிரதியிலிருந்து மறுபடி எழுதுங்கள். ஏற்கெனவே சுருக்கியதைத் திரும்பச் சுருக்காதீர்கள்.